இடது கை இல்லாத மிஷின்

குருசுக்குப்பம், பாண்டிச்சேரி
12-5-1984, சனிக்கிழமை

என் மனைவிக்கு மூத்தவரும் எங்கள் குடும்பத்துக்குப் பெரியவருமான மச்சான் அமலநாதன் அவர்களுக்கு, தனிஸ்லாஸ் மிகுந்த மரியாதையுடன் எழுதுவது. வில்லியனூர் மாதா தயவில் நானும் உங்கள் தங்கை ஸ்டெல்லாமேரியும் மகள் ரோசாவும் சுகம். மெட்ராஸில் உங்கள் வீட்டிலும் காய்ச்சல், இருமல் எதுவும் எட்டிப் பார்க்காமல் இருக்கவேண்டும்.

போன கடிதத்தில், உங்கள் கம்பெனியில் எனக்கு ஸ்டோர் கீப்பர் வேலை கேட்டுக் கெஞ்சியிருந்தேன் அல்லவா? அதை மறந்துவிடுங்கள். யாரிடமாவது சொல்லிவைத்திருந்தால், தனிஸ்லாஸுக்கு இங்கே ஏகப்பட்ட மதிப்பு, வரமாட்டான் என்று கௌரவமாகச் சொல்லிவிடுங்கள்.

நடந்தது இதுதான். எங்கள் தட்டாஞ்சாவடி கம்பெனியில் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குப் பின்மூடி போட்டு ஸ்குரூ முடுக்க, என் பேச்சைக் கேட்டு முதலாளி ஒரு மிஷின் வாங்கினார். அவரை நாங்கள் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் முசே என்போம். ஸ்குரூக்களைக் கிண்ணத்தில் கொட்டினால் போதும், அது குலுங்கிக் குலுங்கி அவற்றை வரிசையில் நிறுத்தி, குழாய் வழியே இறக்கி, தானே முடுக்கிவிடும். பார்க்க அவ்வளவு வேடிக்கை. ஆனால் முடுக்கியதெல்லாம் கோணல், மூடியெல்லாம் விரிசல். முசே என்னைக் கூப்பிட்டார். "பதினாலாந்தேதி திங்கக்கெழம, மிஷின வித்த மெட்ராஸ்காரங்க அதப் பாக்க வராங்க. அன்னிக்கும் கோணிச்சின்னா மிஷின் திரும்பிப் போவும், நீ ஃபோர்மேன் வேலைய உட்டுட்டு குடோனுக்குப் போவ" என்றார். அந்தப் பயத்தில் எழுதியதுதான் போன கடிதம்.

ஆனால் மச்சான், பயத்தைவிட எனக்கு ஆச்சரியம்தான் அதிகம். அதே ஸ்குரூ, அதே மூடி. எங்களிடம் வேலை செய்யும் வசந்தா கையால் முடுக்கினால் நேராக இறங்குகிறது, மிஷின் முடுக்கினால் ஏன் கோணுகிறது? அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது கை திருப்புகிறது, சரி. இடது கையும் சும்மா இல்லை. ரேடியோவைப் பிடிக்கிறது, லேசாகச் சாய்க்கிறது, மூடி நகர்ந்தால் கட்டைவிரலால் தள்ளிவிடுகிறது. மிஷினுக்கு இருப்பதோ வலது கை மட்டும்! ரேடியோவை உட்காரவைக்கும் இரும்புத் தொட்டில்தான் அதற்கு இடது கை. ஃபிக்ஸ்சர் என்று பெயர். மிஷினுக்குத் தேங்காய் உடைத்த நாங்கள் அந்தத் தொட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு எங்கும் இடது கைதான் கண்ணில் படுகிறது. மீன் விற்கும் வீராயி செதில் சுரண்டும்போது இடது கை வாலை எப்படிப் பிடிக்கிறது என்று குனிந்து பார்த்தேன். "இன்னாத்துக்கு என் கையவே பாக்கற? மீனு வோணுமா வோணாமா?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டாள். உங்கள் தங்கை அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

தொட்டிலில் ரேடியோ நகராதபடி பக்கவாட்டில் தடை வைத்தேன், மேலிருந்து அழுத்திப் பிடிக்க ஒரு பிடி வைத்தேன். செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் அம்பு போல நேராக இறங்கிற்று. வெள்ளிக்கிழமை கம்பெனிப் பூசை முடிந்ததும் பழையபடி கோணல்! அடுத்த வெள்ளியும் அப்படியே. கடல் காற்றின் உப்போ, கரண்ட் குறைகிறதோ, வெள்ளிக்கிழமை நான் கறி சாப்பிடாததால் என் கண்தான் மங்குகிறதோ என்றெல்லாம் யோசித்து மண்டை காய்ந்துவிட்டது.

நேற்று வசந்தா ரேடியோவைத் தொட்டிலில் வைத்து மூலையை அமுக்கினாள். "ஆடுது சார்" என்றாள். எடுத்துப் பார்த்தால், ரேடியோ உட்காரும் நான்கு திட்டுகளில் ஒன்றின்மேல் சந்தனப் பொட்டு, காய்ந்து கல்லாகியிருந்தது! வாராவாரம் பூசை போடும் ஃபிட்டர் கோவிந்தராசுவின் கைங்கரியம். மூன்று நாளில் அது உதிர்ந்துபோகும், மிஷினும் நேராகும். பிடித்துத் திட்டினேன். அவன் அசரவில்லை. "நாலு மூலைக்கும் வெச்சிருந்தா சமமா நின்னிருக்கும் சார். சந்தனம் தீந்துபோச்சி" என்றான். பொட்டு இனி மிஷினின் நெற்றியில் மட்டும் என்று உத்தரவு போட்டேன். நெற்றி எது என்று அரைமணி நேரம் சண்டை நடந்தது.

சுரண்டித் துடைத்ததும் ஒரு கோணல்கூட இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மச்சான். வேலை தப்பியது. இன்று சாயந்திரம் எல்லாரும் போனபிறகு, மாதாவுக்கு நன்றியாக ஒரு சின்னக் காரியம் செய்துவிட்டுத்தான் வீடு வந்தேன். அதை நேரில் சொல்கிறேன்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு ரோசாவின் முத்தங்கள். மாதா உங்களைக் கைவிடாமல் காக்கட்டும்.

தங்கள் அன்புள்ள
தனிஸ்லாஸ்

பி.கு: இன்று திங்கட்கிழமை. கடிதம் இன்னும் தபாலில் போடவில்லை. மெட்ராஸ்காரர்கள் முன்னால் பத்துக்குப் பத்தும் கோணல். வசந்தா தொட்டிலுக்குள் கைவிட்டு, சனிக்கிழமை நான் ஒரு திட்டின்மேல் ஒட்டிவைத்த மாதா மெடலை எடுத்து முசேயிடம் நீட்டினாள். கோவிந்தராசு, "நாலு வாங்கி வெச்சிருக்கலாமே சார்" என்றான். மச்சான், அந்த ஸ்டோர் கீப்பர் வேலை இன்னும் காலியாகத்தானே இருக்கிறது?