அட்லர் வீட்டுக் கூரையை நான் திருத்தின கதை

உதவி கேட்காதவர்களுக்கு உதவி செய்கிற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பஸ்ஸில் ஏறுகிறவரின் பையை வாங்கப்போய், அவர் அதைத் திருட்டென்று நினைத்துக் கத்தினதெல்லாம் சில்லறை விஷயம். இந்த வியாதி முற்றி, என் மனைவி நியூசிலாந்துக்கு வருவதையே இல்லாமல் பண்ணப் பார்த்த ஒரு மாலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அது 1987. நான் ஆக்லாந்துக்கு வந்து ஒன்றரை வருடம். ஒடாஹுஹுவில் ஒரு வாடகை அறை; ஈஸ்ட் டாமாக்கியில் அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை. கல்யாணம் முடிந்து நாலாம் மாதமே நான் புறப்பட்டு வந்துவிட்டதால், வசந்தி கொழும்பில், வெள்ளவத்தையில் தன் அக்கா வீட்டில் இருந்தாள். அவளுக்கு விசா கிடைக்க என் முதலாளி ஒரு கடிதம் தரவேண்டும். இவருக்கு என்னிடம் நிரந்தர வேலை உண்டு என்று நாலு வரி, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

முதலாளி அட்லர் ஒரு யூதர். நல்ல மனிதர். பெருநாள்கள் முடியட்டும், எழுதித் தருகிறேன் என்றார். எனக்குத் தெரிந்த பெருநாள் ஒரு நாளில் முடிந்துவிடும். அவர்களுடைய பஞ்சாங்கம் அப்படியில்லை. முதலில் வருடப்பிறப்பு வந்தது, இரண்டு நாள். பத்தாம் நாள் பெரிய உபவாசம். அதற்கு முதல் நாள் அட்லர் தொழிற்சாலை முழுக்க நடந்து, இந்த வருடம் உனக்கு ஏதும் பிழை செய்திருந்தால் மன்னித்துக்கொள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். என் மேசைக்கும் வந்தார். முதலாளி ஒருவர் மன்னிப்புக் கேட்டு நான் அதுவரை கண்டதில்லை. பதறி எழும்பி, ஐயோ, ஒன்றுமேயில்லை என்று சொல்லிவிட்டேன். கடிதம் என்ற சொல் தொண்டைவரை வந்து திரும்பிப் போனது. (வருடத்துக்கு ஒரு தடவை திறக்கிற கதவு. நானே சாத்தினேன்.)

உபவாசம் முடிந்து ஐந்தாம் நாள், பௌர்ணமியில், குடில் பெருநாள் தொடங்குகிறது. முன்னோர்கள் பாலைவனத்தில் அலைந்ததை நினைத்து, ஏழு நாள் வீட்டுக்கு வெளியே ஒரு குடில் போட்டு அதற்குள் இருந்து சாப்பிட வேண்டும். அதைப் போட உதவிக்கு வா என்று அட்லர் ஞாயிற்றுக்கிழமை என்னை எப்சமில் இருந்த தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். சுற்றிவரப் பலகை, மேலே கையில் அகப்பட்ட நாலைந்து மரக்கொப்பு. நடுவில் வானம் பளிச்சென்று தெரிந்தது. (ஊரில் கோழிக்கூட்டுக்குக்கூட இதைவிட நல்ல கூரை போடுவார்கள்.) அவர்களுடைய தேசத்தில் அது அறுவடை முடிகிற காலமாம். ஆக்லாந்தில் அக்டோபர் என்றால் வசந்தகாலம், அதாவது நாளைக்கு நாலு மழை. மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நனைவோம் என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன்.

அந்த ஓட்டைக் கூரையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பில் எங்கள் வீட்டை எரித்த பிறகு, ஒரு நாள் போய்ப் பார்த்தேன். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்தால் வானம். அதற்குப் பிறகு கூரை விஷயத்தில் நான் நிதானமான ஆள் இல்லை. கூடவே, நல்ல கூரை ஒன்று போட்டுக் கொடுத்தால் கடிதம் சீக்கிரம் வரும் என்ற நப்பாசையும் இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

பக்கத்துத் தெருவில் யாரோ ஒரு பனைசாதி மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்த ஓலையைக் கொண்டுவந்து இரண்டு மாலை இருந்து கிடுகு பின்னினேன். (பின்னுவதை ஊரில் பார்த்திருக்கிறேன். அதுதான் என் முழு அனுபவம்.) முள் குத்தாத விரல் ஒன்று மிஞ்சவில்லை. போதாததற்குத் தொழிற்சாலையில் கேட்டு, பெட்டி சுற்றுகிற கறுப்புப் பொலித்தீனும் வாங்கிக்கொண்டேன்.

பெருநாள் அன்று அரை நாள் லீவும் இரவுச் சாப்பாட்டுக்கு அழைப்பும் தந்தார் அட்லர். நான் பின்னேரமே சாமான்களோடு போய் இறங்கினேன். வீட்டில் ஒருவரும் இல்லை. அந்தக் கொப்புகளை இறக்கிச் சின்னச் சின்னதாக வெட்டி ரோசாப் பாத்திக்குப் பசளையாகப் போட்டேன். பொலித்தீனை விரித்து, மேலே கிடுகு அடுக்கி, இறுக்கிக் கட்டினேன். உள்ளே நின்று பார்த்தால் கும்மிருட்டு. எனக்குப் பரம திருப்தி.

பொழுதுபட்ட பிறகு அட்லரும் மனைவியும் ஜெப ஆலயத்திலிருந்து விருந்தினர்களோடு வந்தார்கள். கையில் திராட்சை ரசக் கிண்ணத்தோடு குடிலுக்குள் வந்தவர் மேலே பார்த்தார். நான் பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். கொப்புகள் எங்கே என்று மெதுவாகக் கேட்டார். ரோசாப் பாத்தியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகுதான் விளக்கினார். கூரை மண்ணில் முளைத்ததாக மட்டும் இருக்க வேண்டும். அதற்குள்ளால் நட்சத்திரம் தெரிய வேண்டும். பொலித்தீன் போட்டால் அது வெறும் அறை.

"அறை எங்களுக்கு உள்ளே ஏற்கனவே இருக்கிறது" என்றார்.

சரி, கழற்றிவிட்டால் போயிற்று என்றால் அதுவும் முடியாது. பொழுதுபட்டதும் பெருநாள் தொடங்கிவிட்டது. பெருநாளின் தொடக்க நாள்களில் அவர்களுக்கு வேலை ஆகாது. அவர் அதைக் கழற்றக் கூடாது. கழற்று என்று இன்னொருவருக்கு வாய்விட்டுச் சொல்லவும் கூடாது.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. எல்லோரும் வீட்டுக்குள் ஓடினார்கள். நான் மட்டும் குடிலுக்குள் நின்றேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அந்தக் கூரைதான். அதன் கீழ் நின்று, கடிதம் இனி வராது என்பதை வசந்திக்கு எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மழை விட்டதும் மிசிஸ் அட்லர் குசினி வாசலுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. தேசிக்காய் மரத்தைப் பார்த்து, "அந்தக் கறுப்புத் துணி மட்டும் இல்லையென்றால் இன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். (எங்கள் மாமிமாரும் இப்படித்தான் சுவரோடு கதைப்பார்கள். ஆனாலும் எனக்கு விளங்கப் பத்து நிமிடம் எடுத்தது.)

விளங்கியதும் ஒரு நிமிடம் தாமதிக்கவில்லை. கோட் சூட்டோடு ஏணியில் ஏறி, கிடுகை விலக்கி, பொலித்தீனைக் கத்தியால் ஒரே இழுப்பாகக் கிழித்தேன். அரை மணி நேரத்து மழை முழுக்க அதில் தேங்கித் தொங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மேலே என்ன சத்தம் என்று பார்க்க அட்லர் அப்போதுதான் கீழே வந்து நின்றார் என்பதும் தெரியாது.

தண்ணீரும் ஓலைத் தும்பும் ஒரு நத்தையும் அவர் தலையிலும் வெள்ளை மேசைவிரிப்பிலும் இறங்கின. கிழிசலுக்குள்ளால் எட்டிப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார். என் தலைக்குப் பின்னால் முழுநிலவு வெளிவந்திருந்தது. என்னைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தார். நான் மிச்சப் பொலித்தீனையும் உருவி எடுத்ததும், இப்போது சரி என்று சொல்லி எல்லோரையும் கூப்பிட்டார். அவர்கள் வந்து ஈரக் கதிரைகளில் இருந்தார்கள். நான் ஏணியால் இறங்கி, ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் பெரிய சிரிப்புக் கேட்டது.

திங்கட்கிழமைதான் அட்லர் வேலைக்கு வந்தார். அவர் கூப்பிடுமுன் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிக்கிற காலம் உபவாசத்தோடு முடிந்துவிட்டது, அடுத்த வருடம் வா" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. நான் அதை அப்படியே நம்பித் திரும்பி வந்து, மேசை லாச்சியைக் காலி பண்ணத் தொடங்கினேன். அப்போதுதான் மேசையில் இருந்த உறையைக் கண்டேன். உள்ளே நாலு வரி, ஒரு கையெழுத்து. காலையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வசந்தி அடுத்த மார்ச்சில் வந்தாள். அந்த வருடப் பெருநாளுக்கு எங்கள் இருவரையும் குடிலுக்கு அழைத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தூறல் தொடங்கி, கொப்புகளுக்கு இடையால் ஒரு சொட்டு வசந்தியின் சூப்பில் விழுந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். அவளுடைய வீட்டையும் அந்தக் கலவரத்தில் எரித்திருந்தார்கள். குடை எடுக்க எழும்பினேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"இருங்கோ. நனைஞ்சால் நனையட்டும். நாங்கள் ரெண்டு பேரும் இருக்கிறம்தானே."

இருந்தேன். எண்பத்து மூன்றுக்குப் பிறகு மழையில் பயமில்லாமல் நான் இருந்தது அன்றைக்குத்தான்.

அவள் என்ன சொல்லி இந்த ஆளை இருத்தினாள் என்று மிசிஸ் அட்லர் கேட்டுத் தெரிந்துகொண்டார். இப்போது அவருக்குத் தொண்ணூறு வயது. தெரிந்த தமிழ் அந்த ஒரு சொல்தான். ஒவ்வொரு வருடமும் நான் குடிலுக்குள் கால் வைத்ததும் நலம் கேட்கமுன் அதைச் சொல்கிறார். என் மகள்மார் இருவரும், தமிழில் என்ன கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவர்கள், நான் சுத்தியலைத் தொட்டால் மட்டும் அட்சரம் பிசகாமல் சொல்கிறார்கள்: "அப்பா, இருங்கோ."