பல்லில்லாத நாய்க்குக் காவல்

"எந்த நாய் கடிச்சுதுண்ணே?"

நர்ஸ் கோமாங் கேட்டாள். நாய்க்கடி என்று சொல்லித்தான் நெங்கா விர்கா ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். எந்த நாயும் அவரைக் கடிக்கவில்லை. சண்டைச் சேவலின் காலில் கத்தி கட்டும்போது அது உதறியதில் அவர் கெண்டைக்கால் கிழிந்துவிட்டது. அதை எப்படிச் சொல்வது? பக்கத்திலேயே மனைவி ஆர்மினி நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை சேவல் சண்டைப் பக்கம் தலை வச்சுப் படுத்தீங்க, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு சிங்கராஜாவுக்கு எங்கம்மா வீட்டுக்கே போயிடுவேன்" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். போன கலுங்கான் பண்டிகைக்கு அப்படித்தான் போனாள். ஊரே பன்றிக்கறி சமைத்த நாளில் மனுஷன் ஆறிப்போன சோற்றைத் தனியாகத் தின்றுவிட்டு அழுதார்.

"ஏதோ தெரு நாய்" என்றார்.

"தெரு நாய்னா ஊசி முழுசாப் போடணும். கால்நடை ஆபீஸ்லேர்ந்து ஆள் வருவாங்க. நீங்க எங்க போனீங்க, யார்கூட நின்னீங்கன்னு எல்லாத்தையும் விசாரிப்பாங்க."

பக்கத்து ஊரில் ஒருவர் வெறிநாய்க்கடியில் செத்ததிலிருந்து இந்த ஏற்பாடு. அதற்கு முன் மனுஷ டாக்டரும் மாட்டு டாக்டரும் எதிரில் பார்த்தால்கூடப் பேசிக்கொண்டதில்லை. இப்போது இங்கே காயத்துக்குக் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் அங்கே போன் போய்விடுகிறது. அருமையான ஏற்பாடுதான், நிஜமாகவே கடிபட்டவர்களுக்கு.

எங்கே போனீர்கள் என்ற கேள்வியை நினைத்ததுமே விர்காவுக்கு வியர்த்தது.

"இல்லம்மா, தெரிஞ்ச நாய்தான். பக்கத்து வீட்டு ரெந்தினோட கறுப்பு நாய்."

"அப்ப நல்லதாப் போச்சு. ரெண்டு வாரம் அதைக் கட்டி வச்சுப் பார்ப்போம். அது நல்லா இருந்துட்டா உங்களுக்கு வெறிநாய் ஊசியே வேண்டாம்."

அன்று மாலையே கால்நடை டாக்டர் குஸ்தி ஓகா வந்து இறங்கினார். ரெந்தின் நாயை இழுத்து வந்து அதன் வாயைப் பிளந்து காட்டினார்.

"நல்லாப் பாருங்க டாக்டர். ஒரு பல்லு கிடையாது. சோத்தையே நான் பிசைஞ்சுதான் வைக்கிறேன். இது இவரைக் கடிச்சுதாம்."

டாக்டர் டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார்.

"எச்சில் பட்டாலே ஆபத்துதான்" என்றார் டாக்டர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "கட்டித்தான் வைக்கணும்."

"அப்ப பழி போட்டவர் வீட்டுலயே கட்டுங்க. அவரே பிசைஞ்சு போடட்டும்."

நாய் விர்காவின் வீட்டு வாசலுக்குக் குடிவந்தது. காவல் இருப்பவர் வீட்டை விட்டு நகரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலையும் மாலையும் இரண்டு இடத்துக்கும் போன் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கால் புண்ணைப் பற்றி, கால்நடை ஆபீசுக்கு நாயைப் பற்றி. ஒருநாள் தடுமாறி, "மீன் சோறு தின்னுட்டு வாலை ஆட்டுது" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டார்.

"சந்தோஷம்ணே. புண்ணு ஆறிடுச்சா?" என்றாள் அவள்.

அந்த வாரம் மலையடிவாரக் கோயிலில் திருவிழா தொடங்கியது. திருவிழா என்றால் சேவல் சண்டை இல்லாமலா? கூட்டாளி லானுஸ் போனில் கூப்பிட்டான்.

"உன் செவலைச் சேவல் இல்லாம களமே களை கட்டலடா. எப்ப வர்ற?"

விர்காவால் பொறுக்க முடியவில்லை. நாயை வந்து பார்த்த டாக்டரிடம் மெல்ல ஆரம்பித்தார்.

"டாக்டர், யோசிச்சுப் பார்த்தா... கடிச்சது நாய்தானான்னு சந்தேகமா இருக்கு. பூனையா இருக்குமோ? பாவம், இந்த நாயை அவுத்து விட்டுடலாமே?"

"பூனைக்கும் வெறி வரும். எந்தப் பூனை?"

விர்கா மதிலைப் பார்த்தார். மதில் மேல் ஒரு பூனை இருந்தது, அதன் கெட்ட நேரம்.

இப்போது ஒரு தூணில் நாய், எதிர்த் தூணில் பூனை, நடுவில் சட்டியோடு விர்கா. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நாள் முழுக்கக் கத்தின. "வேற ஏதாவது கடிச்ச மாதிரி ஞாபகம் வருதா?" என்று டாக்டர் கேட்டபோது தென்னை மரத்தில் குரங்கு ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு விர்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

வயலுக்கு அப்பாலிருந்து திருவிழா மேளம் கேட்டது. அவர் சோறு பிசைந்துகொண்டிருந்தார். ஆர்மினி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"பாவம், இந்தத் தடவை திருவிழாவுக்குக்கூடப் போக முடியலையே உங்களால."

"உசுரை விடவா திருவிழா?" என்றார். இவ்வளவு அக்கறை காட்டுபவளிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. இனி சேவலைத் தொடுவதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டார்.

பூனையின் கெடுவும் முடிந்த அன்று டாக்டரும் நர்ஸும் ஒரே பைக்கில் வந்தார்கள். டாக்டர் நாயைப் புரட்டிப் பார்த்தார், பூனையைத் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டுக்கும் ஒரு குறையும் இல்ல. நீங்களும் தப்பிச்சீங்க."

விர்காவுக்குக் கண் கலங்கியது. எதிலிருந்து தப்பித்தோம் என்பது தனக்கு மட்டுமே தெரியும் என்ற நிம்மதியில் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு ஆபீசும் சேர்ந்து என் குடும்பத்தையே காப்பாத்திட்டீங்க டாக்டர்."

நர்ஸ் கோமாங் ஆர்மினியின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே கோயில் சேவல் சண்டை முடியற வரைக்கும் வீட்டோட கட்டிப் போட்டாச்சு. நாயையும் பூனையையும் அவுத்து விட்டுடறோம், அண்ணனை என்ன பண்றதுக்கா?"