பெங்களூரில் இரைந்த ஐந்தருவி

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் முகம்மது சலீம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் நீங்கலாக இவ்விடம் யாவும் நலம். ஷார்ஜாவில் நீங்களும் பிள்ளைகளும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். போனில் சொன்னால் உங்கள் வீடே கேட்கும் என்பதால், தாளில் எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடவும்.

வெள்ளைக்காரர்கள் கன்னியாகுமரியிலிருந்து இமயமலை வரைக்கும் தேசத்தை அளந்துகொண்டு போன பாதையில், ஓய்வுபெற்ற சர்வேயரான நானும் நடந்தும் பஸ் ஏறியும் போகப்போகிறேன் என்று தென்காசி முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். ஹஜ்ஜுக்குப் போகிறவனுக்கு வைக்கிற மாதிரி சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வீடு விருந்து வைத்தார்கள். உங்கள் தங்கை மிஸ்ரியா மட்டும், "நானும் வாரேங்க, இந்த அடுப்படிய விட்டு நாலு ஊரு பாக்கணும்லா" என்றாள். "இது என்ன, குத்தாலத்துக்குக் குளிக்கப் போற சோலியா?" என்று எல்லோர் முன்னாலும் அவள் வாயை அடைத்தேன். அந்த வாய்க்குத்தான் இந்தத் தண்டனை. விருந்துப் பிரியாணி வயிற்றோடு நடந்ததில் நாகர்கோவில் தாண்டுமுன்பே முழங்கால் பூசணிக்காயாக வீங்கி, எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாமென்று பஸ் ஏறிக் குற்றாலத்துக்கே வந்து சேர்ந்தேன். வீடு ஆட்டோ தூரம்தான். எந்த முகத்தோடு போக? ஆகவே லாட்ஜிலிருந்தபடியே, போன் பேச்சில் மட்டும் மதுரை போனேன், சேலம் போனேன், நேற்று பெங்களூரும் போய்விட்டேன். ஐந்தருவியில் குளிக்கும்போது நம் தெருக்காரர்கள் வந்தால், அவர்கள் போகும்வரை அருவிக்குள்ளேயே முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அதில் ஜலதோஷமும் சேர்ந்துவிட்டது. நேற்று அருவிக்கரையில் தலை துவட்டிக்கொண்டு நிற்கும்போது மிஸ்ரியா போனில் கூப்பிட்டு, "என்னங்க, அங்கன இப்படி இரையுது?" என்றாள். "பெங்களூர் டிராஃபிக் அப்படித்தான் இரையும்" என்றேன். நம்பிவிட்டாள், மச்சான். "ரோடு பாத்துக் கடங்க, வேளைக்குச் சாப்பிடுங்க" என்றாள். அதோடு நான் நொறுங்கிப்போனேன். "நீ இல்லாம எதப் பாத்தாலும் நல்லால்ல பிள்ள. ஒன்னயும் கூட்டிட்டு வந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டேன். இத்தனை நாளில் நான் சொன்னவற்றில் அது ஒன்றுதான் பொய்யில்லை. ஆசைப்பட்டுக் கேட்டவளைக் கேலி செய்தேனே என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

ஆகையால் நீங்களே பக்குவமாகப் பேசி, நான் குற்றாலத்தில் கிடக்கும் உண்மையை அவளிடம் சொல்லி, என்னை வீட்டுக்குள் சேர்க்கும்படிச் செய்யவேண்டும். அண்ணன் சொல்லை அவள் தட்டமாட்டாள். வீட்டில் எல்லோருக்கும் ஸலாம். அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் மைத்துனன்
ஆதம்

பின்குறிப்பு: மச்சான், எதையும் சொல்லிவிடாதீர்கள்! இப்போதுதான் மிஸ்ரியா கூப்பிட்டாள். "நீங்க அப்படி ஏங்கிப்போயிச் சொன்னியளா, மனசு கேக்கல. ஒத்தையிலேயே பஸ் ஏறி வந்துட்டேன். பெங்களூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். நீங்க எங்கன நிக்கிய?" என்கிறாள். அவள் குரலில் இவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. "இந்தா வந்துட்டே இருக்கேன், அங்கனயே இரு" என்று சொல்லிவிட்டு, இதோ பஸ்ஸுக்கு ஓடுகிறேன். போய்ச் சேர நாளைக் காலை ஆகும். அதுவரை அவள் என்னைக் கூப்பிட்டு எங்கே என்று கேட்காதபடி, நீங்கள் அவளைக் கூப்பிட்டு, எதையாவது சொல்லிப் போனை வைக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.