ஆறாவது லீவு

புதன்கிழமை காலை பத்து மணிக்குள் நான்கு பெரியப்பாக்கள் சாகக் கிடந்தார்கள். இரண்டு வீடுகளில் கூரை ஒழுகியது, அதுவும் சுட்டெரிக்கிற கோடையில். ஒருவருடைய மைத்துனர் வெளிநாட்டிலிருந்து வருகிறாராம்; எந்த நாடு என்று கேட்டதற்கு அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வந்ததும் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். எல்லாக் கஷ்டமும் சொல்லி வைத்தாற்போல் வெள்ளிக்கிழமைக்கே வந்து சேர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை கோடையின் பெரிய படம் வெளியாகிறது. இது லீவு சாருக்கும் தெரியும்.

நோட்டுப் புத்தகம் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் விடுப்பு விண்ணப்பங்களில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக எல்லோரும் லீவு சார் என்றே கூப்பிட்டதில், வங்கியில் பெயர் சொல்லி அழைத்தால் அவர் சட்டென்று எழுந்திருக்க மாட்டார். பள்ளி திறக்க மூன்று வாரம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை இரண்டு லாரி நோட்டு கிளம்பியாக வேண்டும் என்பதால் மேனேஜர் முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"அஞ்சு பேருக்கு லீவு கொடுங்க. ஆறாவதா ஒருத்தர் போனா, உங்க சனிக்கிழமை லீவு கிடையாது."

சனிக்கிழமை லீவு என்பது சாதாரண விஷயம் இல்லை. அன்று மாலை தொலைக்காட்சித் தொடர்களுக்கான நடிப்பு விருது விழா. பத்தொன்பது வருடமாக வீட்டில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்த விழாவுக்கு, இந்த வருடம் அவருக்கு நேரில் போக ஒரு அனுமதிச் சீட்டு வந்திருந்தது. விழா நடத்துகிறவர்களுக்கு அவர் வருடம் தவறாமல் எழுதிய கடிதங்களின் தொல்லை தாங்காமல் அனுப்பியிருக்கலாம். எப்படி வந்தால் என்ன, பதினோராவது வரிசை, நடு இருக்கை.

லீவு சாருக்குக் கோடைக்காலப் பெரிய படங்கள் ஆகாது. போன கோடையில் மனைவியின் வற்புறுத்தலில் ஒன்றைப் பார்த்தார். நாயகன் பறந்துபோகும் ஹெலிகாப்டரைக் கயிறு போட்டு இழுத்து நிறுத்தினான். வெளியே வந்ததும் படம் எப்படி என்று மனைவி கேட்டாள். ஹெலிகாப்டர் நன்றாக நடித்திருக்கிறது என்றார். அவர் கணக்குப்படி நடிப்பு என்பது சின்னத்திரையில்தான் இருக்கிறது. அங்கே வெடிக்க எதுவும் இல்லை, ஓட இடமில்லை. ஒரு சமையலறையும் ஒரு கதவும் மட்டும். அந்தக் கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று ஒரு பெண் நிற்கிறாளே, அதற்குத்தான் விருது தர வேண்டும். அழுகிறவர்களுக்குத் தருகிறார்கள், அழாமல் அடக்குகிறவர்களை விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் வருத்தம். இதற்காகவே ஒரு நோட்டு வைத்திருந்தார். இடது பக்கம் விருது வாங்கியவர். வலது பக்கம் வாங்கியிருக்க வேண்டியவர். பத்தொன்பது வருடத்தில் இரண்டு பக்கமும் ஒத்துப்போனது மூன்றே முறை.

இப்படிப்பட்டவர் முன்னால் வந்துதான் கட்டிங்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கட்டிங்காரர் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்ப்பவர். ஐம்பது வயது, கனத்த மீசை. பெரியப்பாவின் நிலைமையைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை சுவரில் சாய்ந்தார், ஒருமுறை மேஜையில் குத்தினார். லீவு சாரால் பொறுக்க முடியவில்லை. முடியாது என்று ஒரு வார்த்தையில் அனுப்பியிருக்கலாம். ஆனால் தப்பான நடிப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவருக்கு வராது.

"நெஞ்சைப் பிடிக்காதீங்க. கெட்ட சேதி கேட்டவன் நெஞ்சைப் பிடிக்க மாட்டான். கையில இருக்கறதை எங்க வைக்கறதுன்னு தெரியாம நிப்பான்."

கட்டிங்காரர் இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்கடுத்து வந்த ஏழு பேருக்கும் ஆளுக்கொரு விமர்சனம் இலவசமாகக் கிடைத்தது. கூரை ஒழுகியவரிடம், கஷ்டத்தைச் சொல்லும்போது கடைசி வார்த்தையை இழுக்காதீர்கள் என்றார். மைத்துனர்காரரிடம், வசனம் மறந்தால் யோசிக்கிற மாதிரி பார்க்காதீர்கள், ஜன்னலைப் பாருங்கள் என்றார்.

பதினொன்றரைக்குக் கட்டிங்காரர் திரும்பி வந்தார். கையில் ஒரு இரும்பு அளவுகோல். அதை மேஜையில் வைக்கப் போனார், வைக்கவில்லை. சட்டைப் பையில் செருகப் பார்த்தார், அது நுழையவில்லை. கடைசியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பெரியப்பாதான் சார் எனக்கு சைக்கிள் சொல்லிக்கொடுத்தார்," என்று மட்டும் சொன்னார்.

லீவு சாருக்கு அது பொய் என்று நன்றாகத் தெரியும். ஆனால் எப்பேர்ப்பட்ட பொய். கை தானாகக் கையெழுத்துப் போட்டது.

அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். ஒருவர் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போயே போய்விட்டார். அவரை ஓடிப்போய்க் கூட்டி வந்து லீவு கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரத்தில் இந்த ஆட்கள் இப்படித் தேறிவிட்டார்களே என்று லீவு சார் வியந்தார். சொல்லிக்கொடுத்தவர் நல்ல ஆசிரியராக இருந்தால் இப்படித்தான் என்று தன்னைத் தானே பாராட்டிக்கொள்ளவும் செய்தார். சாப்பாட்டு மணி அடிக்கும்போது ஐந்து லீவும் தீர்ந்திருந்தது. கதவில் ‘வெள்ளிக்கிழமை லீவு முடிந்தது’ என்று எழுதி ஒட்டினார்.

அந்தத் தாள் வேறொரு வினையைக் கொண்டுவந்தது. லீவு கிடைக்காதவர்கள் நேரே மேனேஜரிடம் போய்விட்டார்கள். மூன்று மணிக்கு மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, தொழிற்சாலையில் நடிப்புப் போட்டி எதுவும் நடக்கிறதா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். மேனேஜர் மரியாதையாகப் பேசினால் கோபம் உச்சத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இனி யார் முகத்தையும் பார்ப்பதில்லை, காகிதத்தை மட்டும்தான் பார்ப்பது என்று சத்தியம் செய்துவிட்டு லீவு சார் தன் அறைக்கு வந்தார்.

நான்கு மணிக்கு லேபிள் அக்கா வந்தாள்.

நோட்டின் அட்டையில் பெயர், வகுப்பு, பாடம் எழுதும் சீட்டை ஒட்டுகிறவள் அவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கடைசி மேஜையில் பசைக் கிண்ணமும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்திருப்பாள். அதிகம் பேச மாட்டாள். லீவு சார் காகிதத்தைப் படித்தார். தம்பிக்கு இருதய ஆபரேஷன், வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. சத்தியத்தை மறந்து நிமிர்ந்து பார்த்தார்.

பார்க்கச் சகிக்கவில்லை. அவள் பாடப் புத்தகத்தை ஒப்பிப்பதுபோல் சொன்னாள். ஆபரேஷன் என்று சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டே, அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை, நாலாவது மாடி, என்று கேட்காததையெல்லாம் சொன்னாள்.

"இல்லம்மா. அஞ்சு பேர் ஆயிடுச்சு. அதோட..." என்று ஆரம்பித்தவர், அதோட நீங்க சொல்றது நம்பற மாதிரியும் இல்லை என்று முடித்துவிட்டார்.

"சரி சார்," என்றாள். கெஞ்சவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. காகிதத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

அன்று மாலை மனைவி விழாவுக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். லீவு சார் பக்கத்தில் உட்கார்ந்து போன வருடத்துச் சிறந்த நடிகை ஏன் சிறந்த நடிகை இல்லை என்று விளக்கத் தொடங்கினார். பாதியில் லிஃப்ட் ஞாபகம் வந்துவிட்டது. பொய் சொல்கிறவர்கள் லிஃப்ட்டைப் பற்றிச் சொல்வார்களா?

அப்பா இறந்த அன்று ஊரிலிருந்த அக்காவுக்கு அவர்தான் போன் செய்தார். அப்பா போய்விட்டார் என்று சொல்லிவிட்டு, அடுத்த வார்த்தையாக அங்கே மழையா என்று கேட்டார். அக்காவும் இல்லை, வெயில் என்றாள். அந்த இரண்டு வரியை எந்தத் தொடரிலாவது காட்டியிருந்தால், எழுதியவனுக்கு மனுஷத் தன்மையே இல்லை என்று நோட்டில் குறித்திருப்பார். ஆனால் அவர் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய துக்கம் வந்ததில்லை. அடக்கமான நடிப்பு, மிகையான நடிப்பு என்று இத்தனை வருடம் அளந்தவருக்கு, உண்மையான துக்கம் எந்த அளவிலும் சேராது, அது மோசமாகத்தான் நடிக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. பசியில் வந்தவளிடம் இலக்கணப் பிழை பார்த்து அனுப்பியதுபோல் வெட்கமாக இருந்தது.

"என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி.

"அந்தச் சட்டையை உள்ள வச்சுடு," என்றார்.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக லேபிள் அக்காவைக் கூப்பிட்டு ஆறாவது லீவில் கையெழுத்துப் போட்டார். நேற்றுப் பேசியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "சரி சார்," என்றாள், அதே குரலில். நன்றி கூடச் சொல்லவில்லை. அதுவும் உண்மையின் அடையாளமாகவே அவருக்குப் பட்டது.

மேனேஜர் ஆறு என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, யோசித்துத்தான் போட்டாரா என்று கேட்டார். லீவு சார் ஆமாம் என்றார். அப்படியானால் வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணின் மேஜையில் நீங்கள்தான் உட்கார வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை லீவும் போயிற்று. அனுமதிச் சீட்டை வேறு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. நோட்டுக்குள் மடித்து வைத்தார்.

லேபிள் ஒட்டுவது பார்ப்பதற்குத்தான் சுலபம். பசை அதிகமானால் வழியும். குறைந்தால் ஓரம் எழும்பும். லீவு சார் மதியத்துக்குள் கை பழகிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். இருதய ஆபரேஷன் எத்தனை மணி நேரம் ஆகும் என்ற நினைப்பிலேயே ஒட்டியதில், நாலு மணிக்கு வந்து பார்த்த மேற்பார்வையாளர் வாயைத் திறந்தபடி நின்றார். எண்ணூறு நோட்டில் லேபிள் தலைகீழாக இருந்தது. ஒரு லாரிதான் கிளம்பியது.

ஆகவே சனிக்கிழமை மாலை, பதினோராவது வரிசையின் நடு இருக்கை காலியாக இருந்த நேரத்தில், லீவு சார் பேக்கிங் ஹாலில் ஈரத் துணியால் லேபிள்களை உரித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை லீவில் போனதற்கு ஈடாகக் கட்டிங்காரரையும் மேனேஜர் வரச் சொல்லியிருந்தார். சார் முகத்தைப் பார்த்து மனம் இளகியோ என்னவோ, அவர் தன் போனை நோட்டுக் கட்டின்மேல் சாய்த்து விழாவைப் போட்டுவிட்டார்.

சிறந்த நடிகை அறிவிக்கப்பட்டார். அந்த அம்மாள் மேடைக்கு வந்து, விருதை அணைத்துக்கொண்டு, நெஞ்சில் கை வைத்துக் குலுங்கினார். அரங்கமே எழுந்து கைதட்டியது.

லீவு சார் துணியைப் பிழிந்தார். "இதெல்லாம் ஒண்ணுமே இல்லைங்க," என்றார். பிறகு, மூன்று நாளாக யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னார். புதன்கிழமை தன் அறையில் ஒரு பெண் நின்ற விதத்தைப் பற்றி, பத்தொன்பது வருடம் எழுதிய நோட்டு அந்த ஐந்து நிமிடத்தில் வீணாகப் போனதைப் பற்றி. அவளுக்கு நடிக்கத் தெரியாது, அதனால்தான் அது உண்மை. உண்மைக்குப் பக்கத்தில் எந்த நடிப்பும் நிற்காது என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. இந்த விழாவை விட்டதில் தனக்கு வருத்தமே இல்லை என்றார். அது முழு உண்மை இல்லை. ஆனால் முக்கால்வாசி உண்மை.

"தம்பிக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாமா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

கட்டிங்காரர் ஒரே லேபிளை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு போனின் சத்தத்தைக் குறைத்தார்.

"சார், நேத்து முதல் ஷோவுல அந்த அக்கா எனக்குப் பக்கத்து சீட்டு. நீங்க சொன்னதையெல்லாம் எங்ககிட்ட கேட்டுக்கிட்டு எங்க அஞ்சு பேருக்கும் சொல்லிக்கொடுத்ததே அவங்கதான். 'நீங்கள்லாம் நல்லா நடிச்சு வாங்கிட்டுப் போங்க, கடைசியில நான் போய் நடிக்கவே தெரியாத மாதிரி நிக்கறேன். இன்னிக்கு மாட்டேம்பார், நாளைக்கு அவரே கூப்பிட்டுக் கொடுப்பார்'னாங்க."