ஓடை தோற்ற விவரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நானும் என் மனைவியும், என் மகனும், தங்கள் மகளாகிய எங்கள் மருமகளும் நலம். தங்கள் முழங்கால் வலியும் சம்பந்தியம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் வாயைத் திறப்பதற்குள் தாங்கள் பேசி முடித்துவிடுவீர்கள். கடிதத்தில் அந்த ஆபத்து இல்லை.

விஷயம் இதுதான். ஓடை தோற்றுவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஓடை எங்கள் வீட்டுப் பின்கரையை அரித்து அரித்து, மோட்டார் அறையையும் அதைக் காப்பாற்ற நான் கட்டிய கான்கிரீட் சுவரையும் சேர்த்து வாரிக்கொண்டு போனதே, நினைவிருக்கிறதா? துக்கம் விசாரிப்பது போல வந்த தாங்கள், உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும், "அடுத்த மழைக்கு வீட்டோடவே கடலைப் பார்க்கக் கிளம்பிடுவீங்க போலிருக்கே சம்பந்தி!" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் கரையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றபோது தங்கள் மகள் வந்து, "சுவரை விடுங்க மாமா. இந்தக் கரையில முன்னாடி மருதும் புங்கையும் நாவலும்தானே நின்னுச்சு? அதை வெட்டின பிறகுதானே மண்ணு போக ஆரம்பிச்சுது? அதையே திரும்ப வைப்போம்" என்றாள். "அது வளர்ற வரைக்கும் ஓடை சும்மா இருக்குமாம்மா?" என்றேன். "அதுவரைக்கும் நொச்சி தாங்கும். குச்சியை ஒடிச்சுக் குத்தினாலே பிடிச்சுக்கும்" என்றாள். தங்கள் வயிற்றில் இப்படி ஒரு பிள்ளை பிறந்தது எப்படி என்று நான் இன்றும் வியக்கிறேன்.

டிரைவிங் ஸ்கூல் நடத்தியே தலை நரைத்தவன் நான். ஆகவே கயிறு கட்டி, வண்டி நிறுத்துவது போல நூல் பிடித்த வரிசையில் குழி தோண்டினேன். கரை வளைந்திருந்ததால் என் வரிசை நேராகத் தண்ணீருக்குள் போனது, அதன் பின்னாலேயே நானும் போனேன், மருதங்கன்றை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி. என் மனைவி கன்றை வாங்கிப் பத்திரமாகக் கரையில் வைத்துவிட்டு, அப்புறம்தான் எனக்குக் கை கொடுத்தாள். மறுநாள் ஆடுகள் வந்து பாதியைத் தின்றன. ஆட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனால், "ஆட்டுக் கண்ணுல படாத மாதிரி வைங்க சார்" என்கிறார்! சரி என்று மனைவியின் பழைய புடவைகளை வேலியாகக் கட்டினேன். அதில் ஒன்று பழையது இல்லையாம். அது எனக்குத் தெரிய வந்தபோது ஆடு முந்தானை வரை முடித்திருந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் இன்னொன்று. "கன்னுக்கு வெயில் படுதுன்னு என் குடையைக் கொண்டுபோய் நட்டுட்டு வந்திருக்கீங்களே, எனக்கு வெயில் படாதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் நாவல் வாடியிருந்ததே, சம்பந்தி!

இப்படியே ஆடு தின்றதற்குப் பதில் மறுபடி நட்டு, கோடையில் மருமகளும் நானும் முறை வைத்துத் தண்ணீர் சுமந்ததில், மரங்கள் என் தலைக்கு மேலே போய்விட்டன. போன வாரம் வந்தது பாருங்கள் மழை! தெருவே ஓடைப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. மளிகைக்கடைக்காரர், "பீரோவையாவது வெளிய எடுத்து வைங்க சார்" என்றார். தண்ணீர் நொச்சியின் கழுத்து வரை ஏறியது. "பிடிச்சுக்கோ, விட்டுடாதே!" என்று மருதைப் பார்த்துக் கத்தினேன், கிளட்சை விட்டுவிடப் போகும் மாணவனிடம் கத்துவது போல. தங்கள் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நொச்சி தலை சாய்த்தது, ஆனால் வேர் பிடியை விடவில்லை. மதியத்துக்கு மேல் வெள்ளம் வடிந்தது. ஒரு பிடி மண் போகவில்லை, சம்பந்தி! போதாததற்கு வேர்களுக்கு நடுவில் புது வண்டல் வேறு. பாலத்தில் கைதட்டினார்கள். என் மனைவி எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்க வீட்டுக்காரர் வச்சது" என்றாள். இன்று காலை மருதங்கிளையில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது.

ஓடையின் மேல்பக்கம் இருக்கும் தங்கள் தோட்டத்திலிருந்து மிதந்து வந்த சாய்வு நாற்காலியை எங்கள் புங்கை பிடித்து வைத்திருக்கிறது. கடலைப் பார்க்கக் கிளம்பியது அது ஒன்றுதான். வந்து எடுத்துக்கொள்ளவும்.

தாங்களும் சம்பந்தியம்மாவும் நோய் நொடியில்லாமல், கால் நனையாத வீட்டில் நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: வண்டல் சேர்ந்ததில் என் நிலம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளக்க நானே சர்வேயரை அழைத்திருந்தேன். அவர் இப்போதுதான் போனார். என் நிலம் வீட்டுக் கொல்லைக் கதவோடு முடிகிறதாம். மரங்கள் நிற்கும் கரை முழுவதும் தங்கள் தோட்டத்தோடு சேர்ந்து தங்கள் பெயரில் இருக்கிறதாம். மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "எனக்கு முதல்லயே தெரியும் மாமா. கேட்டா அப்பா நட விட்டிருப்பாரா?" என்கிறாள். தங்கள் நாவலில் பூச்சி விழுந்திருக்கிறது. நாளைக் காலையே வரவும். வரும்போது மருந்து கலக்க ஒரு வாளி கொண்டு வரவும்.