நவாப்பின் காலுக்கு ஒரு கோவிந்தா

நவாப்பின் காலைக் காப்பாற்றியே தீருவது. அதற்கு என் பணத்திலிருந்து ஒரு ரூபாய்கூட எடுப்பதில்லை. இந்த இரண்டு தீர்மானங்களையும் புரட்டாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, வேலூரில் நாய் டாக்டர் வாசலில் நின்றபடி ஒரே மூச்சில் எடுத்தேன்.

நவாப் எங்கள் வீட்டு நாய். தெரு நாய்தான். ஆனால் நடையைப் பார்த்தால் ஆற்காடு முழுக்க அதன் பேரில் பட்டா இருக்கிறது என்று நினைப்பீர்கள். முந்தின நாள் எங்கள் மொட்டை மாடியில் ஒரு குரங்கைத் துரத்தியது. குரங்கு அடுத்த வீட்டு மாடிக்குத் தாவியது. நவாப்பும் தாவியது. குரங்கு மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. நவாப் ஆரணி தெருவுக்கு வந்து சேர்ந்தது. இடது பின்னங்கால் இரண்டு துண்டு.

"பிளேட் வைக்கணும். பதினெட்டாயிரம் ஆகும். வீக்கம் வடியட்டும், நாய் இங்கேயே இருக்கட்டும். நீங்க பணத்துக்கு ஏற்பாடு பண்ணுங்க" என்றார் டாக்டர்.

அந்த நிலையிலும் நவாப் என் கையை நக்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் வீட்டுக்குள் நுழைந்தால் எழுந்து நிற்கிற ஒரே ஜீவன் அதுதான். என் மனைவி ரேணுகாதேவி எழுந்து நிற்க மாட்டாள். அவள் நுழைந்தால் நான் எழுந்து நிற்பேன்.

ஆரணிக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் ஆரம்பித்தாள்.

"ஏங்க, உங்ககிட்ட எவ்ளோ கீது?"

"என்கிட்டயா? இன்னா ரேணு, தெரியாத மாதிரி கேக்குற? தறிக்கூலி வந்தா அப்படியே உன் கையிலதானே குடுக்குறேன்."

"அப்ப ஒண்ணும் இல்ல?"

"நயா பைசா இல்ல."

"நவாப் மேல சத்தியமா?"

"பஸ்ஸுல போய் யாராவது சத்தியம் பண்ணுவாங்களா?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உங்களிடம் மறைப்பானேன். இருபதாயிரம் இருந்தது. இரண்டு வருஷமாக ஒவ்வொரு பட்டுப்புடவைக் கூலியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிச் சேர்த்தது. பக்கத்து வீட்டு நெசவாளி பார்த்திபனும் நானும் கோவா போவதற்கு. முதலாளி ஜரிகை வாங்க சூரத்துக்கு அனுப்புகிறார் என்று வீட்டில் சொல்வதாக ஏற்பாடு. பணம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை அவள் பிஸ்கட் பாக்கெட்டோடு நவாப்பைப் பார்க்க வேலூர் போனாள். நான் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மூளையை ஓட்டினேன். மறுநாள் புரட்டாசி சனிக்கிழமை! எங்கள் பக்கத்தில் நெற்றியில் நாமம், கையில் நாமம் போட்ட சொம்பு, வாயில் கோவிந்தா, இவ்வளவு இருந்தால் போதும். திருப்பதி வேண்டுதல் என்று எந்த வீட்டிலும் அரிசியும் காசும் போடுவார்கள். யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

சாயங்காலம் அவள் வந்ததும் சொன்னேன்.

"நாளைக்குக் கோவிந்தா போட்டுகினு சொம்பு எடுத்துகினு போறேன். வர்ற காசு நவாப் ஆபரேஷனுக்கு."

திட்டுவாள் என்றுதான் காத்திருந்தேன்.

"நல்ல யோசனைங்க. நானும் வர்றேன். நீங்க தனியா போனா ரெண்டு ரூபாதான் போடுவாங்க."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என் யோசனையை அவள் நல்லது என்று சொன்னது அன்றுதான். நான் உஷாராகியிருக்க வேண்டும். பூரித்துப்போனேன்.

சனிக்கிழமை காலை முதல் வீடு கற்பகம் அக்கா வீடு.

"இன்னா வேண்டுதல் தணிகாசலம்?"

"வீட்டுல ஒருத்தருக்குக் கால் ஆபரேஷன்கா." இதில் பொய் ஒன்றும் இல்லையே.

அக்கா பத்து ரூபாயை எடுத்தாள். ரேணு முன்னால் வந்தாள். "மொட்டை போடுறேன்னு வேண்டிகினாருக்கா." பத்து ஐம்பதாயிற்று.

அடுத்த தெருவில், "திருப்பதிக்கு நடந்தே போறாரு" என்றாள். ஐம்பது நூறாயிற்று.

பட்டுக்கடை சம்பந்தத்திடம், "செருப்பில்லாம நடக்குறாரு. நாளைக்கு விடியக்காலம் கிளம்புறாரு" என்றாள். அவர் ஆயிரம் போட்டு, என் காலையும் தொட்டுக் கும்பிட்டு, என்னைப் போட்டோ எடுத்து வியாபாரிகள் வாட்ஸாப் குரூப்பில் போட்டார். அதற்கப்புறம் நாங்கள் போவதற்கு முன்பே கடைக்காரர்கள் நோட்டோடு வாசலில் நின்றார்கள்.

"பொய்யில உன்னை மிஞ்ச ஆளே இல்ல ரேணு" என்று காதில் சொன்னேன்.

"உங்ககிட்ட கத்துகினதுதாங்க."

மத்தியானம் வீட்டுக்கு வந்து எண்ணினால் பதினெட்டாயிரத்துக்கு மேலேயே இருந்தது. அவள் எல்லாவற்றையும் சொம்பில் திணித்து, மஞ்சள் துணியால் வாயைக் கட்டி, பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னாடி பண்ற? ஜல்தியா குடு. வேலூர் பஸ் புடிக்கணும்."

"இது பெருமாள் காசுங்க. கோவிந்தான்னு வாங்கினா உண்டியல்லதான் போடணும்."

"நாய்க்குன்னுதானே வாங்கினோம்!"

"எந்த வீட்டுல நாய்க்குன்னு சொன்னீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு வீட்டிலும் சொல்லவில்லை.

"அப்ப நவாப் கதி?"

"அதுக்கு நேத்தே ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. பணம் கட்டிட்டேன். மயக்கம் தெளிஞ்சு வாலை ஆட்டுச்சு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "என் ராசாத்தி!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிறகுதான் மூளை விழித்தது.

"காசு ஏதுடி?"

"தறிக்குழிக்குள்ள ஒரு செங்கல் ஆடிகினு இருந்துச்சு. புடிச்சு இழுத்தேன்."

கையை விட்டேன். கோவா கடல் வற்றிப்போயிற்று. பார்த்திபனிடம் என்ன சொல்வது என்றுகூட யோசிக்க முடியவில்லை.

"நேத்தே கட்டிட்டேன்னா, இன்னைக்கு என்னை ஏண்டி வீடு வீடா சுத்த விட்ட? பேஜார் புடிச்சவளே!"

"எனக்கு ஒரு வேண்டுதல் பாக்கி கீதுங்க. கல்யாணமான புதுசுல வேண்டிகினது."

"இன்னா வேண்டுதல்?"

"என் புருஷன் ஒரே ஒரு வருஷம் என்கிட்ட பொய் சொல்லாம இருந்தா, அவரைத் திருப்பதிக்கு நடக்கவெச்சு மொட்டை போடுறேன்னு."

பிடித்துவிட்டேன் பாயிண்டை! துள்ளி எழுந்தேன்.

"நான்தான் இன்னும் பொய் சொல்லிகினே கீறேனே! வேண்டுதல் பலிக்கவே இல்லையே! அப்புறம் மொட்டை எதுக்கு?"

அவள் என் செருப்பை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"இருபத்திரண்டு வருஷமா சும்மா கேட்டுப் பாத்துட்டேன், பெருமாள் கண்டுக்கல. அதான், அட்வான்ஸ் குடுத்துப் பாக்கலாம்னு."