அடித்தகட்டில் மாட்டிய சரிகை வேட்டி

பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் நான் தெருவில் இறங்கியதே இல்லை. (பத்து தடவை என்பாள் மனைவி.) எதற்கெடுத்தாலும் கவலை. அந்தக் கவலைதான், பெண் பார்க்கப் போன அன்று என்னைக் காரோடு சேர்த்து முடுக்கிவிட்டது.

அறுபதுகளின் கடைசி. எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு அம்பத்தூரில் ஒரு கார் பட்டறையில் இருந்தேன். படிக்காதவன் என்று வந்த இடமெல்லாம் தட்டிப் போயின. பூந்தமல்லிப் பெண்ணின் அப்பா மட்டும், "கையில தொழில் கீதே, போதும். ஞாயித்துக்கெழம ராகுகாலத்துக்கு முன்ன வந்துடுங்க" என்று சொல்லியனுப்பினார். இதுவும் போனால் உனக்குக் கல்யாணமே இல்லை என்று அம்மா தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

பட்டாபிராம் மாமாவின் கிழட்டுக் கார். இடுப்பில் மாமாவின் சரிகை வேட்டி. ஏறும் முன் குனிந்து பார்த்தேன். எஞ்சினுக்கு அடியில் சேறு படாமல் மறைக்கிற தகட்டின் போல்ட்டுகள் துருப்பிடித்துத் தேய்ந்திருந்தன.

"மாமா, மாத்திடட்டா?"

"பொண்ணு பாக்கப் போறவனுக்குக் கையில இன்னாடா கிரீஸு? ஏறு!"

புது போல்ட்டுகளையும் ஸ்பானரையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறினேன். (பூவை அம்மா மறந்தாள். பையை நான் மறக்கவில்லை.)

வானகரம் தாண்டியதும் கடகடவென்று சத்தம். பூந்தமல்லியில் பெண் வீட்டுத் தெருவில் திரும்பியபோது தகடு தரையை உரசத் தொடங்கிவிட்டது. தொழில்காரன் வருகிற கார் இப்படியா இருக்கும் என்று நினைத்துவிட்டால்? தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லி, டிக்கியில் கிடந்த சாக்கை விரித்து அடியில் புகுந்தேன்.

பழைய போல்ட்டுகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினேன். கழன்றுவிட்டால்? இன்னொரு சுற்று. அப்படியும் கழன்றுவிட்டால்? இன்னும் ஒன்று. போல்ட்டின் தலையே மழுங்கிவிட்டது. வெளியே வரப் பார்த்தால் வேட்டி வரவில்லை. தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் சரிகைக் கரை இறுகிக் கிடந்தது. ஸ்பானர் வழுக்கியது. அவிழ்த்துப் போட்டுவிட்டு வரலாம்தான். உள்ளே பட்டாபட்டி டிராயர். வெளியே முழுத் தெரு.

"இன்னாடா பண்ணிக்கினு கீற? ராகுகாலம் வந்துடும்!"

"ஒண்ணுமில்ல மாமா."

அதற்குள் பெண்ணின் அப்பாவே தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"மாப்ள எங்க?"

"அடியில கீறாரு" என்றார் மாமா.

அவர் முகம் தலைகீழாக எட்டிப் பார்த்தது. "தம்பி, இஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்க. அதுக்கு ஏன் ஒளிஞ்சிக்கினு கீறீங்க?"

"ஐயோ, இஷ்டம்தாங்க! வேட்டி மாட்டிக்கிச்சு!" என்று கத்தினேன். தெருவே கேட்டுச் சிரித்தது.

அம்மா வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் வளையல் போட்ட ஒரு கை, துணி வெட்டும் கத்தரியோடு காருக்கு அடியில் நீண்டது. பின்னாலேயே ஒரு முகம்.

"வெட்டிக்கினு வாங்க. நேரமாவுது."

"அது என் வேட்டிம்மா!" என்று மாமா அலறுவதற்குள் வெட்டிவிட்டேன்.

பஜ்ஜி சொஜ்ஜிக்கு முன்னால் நாங்கள் பார்த்துக்கொண்டது அப்படித்தான். சரிகைக் கரை அந்தக் கார் காயலான் கடைக்குப் போகிற வரைக்கும் தகட்டை விட்டு வரவில்லை.

இன்றைக்கும் பூட்டை மறுபடி இழுக்க நான் கை வைத்தால், பின்னாலிருந்து அவள் குரல் வரும்:

"கத்தரி எடுத்தாரட்டா?"